தர்ம ஆஸ்பத்திரி நம் தெருவுக்கு வரட்டும்
(சேத்தூரில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



 

ஜகாத்தைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். நான் ஒரு கண் ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்குகிறேன். இரண்டும் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான்.

எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்தவர் டாக்டர் வெங்கடசாமி. முடக்குவாதத்தால் கைவிரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களாலேயே கத்தி பிடித்து ஆயிரமாயிரம் பேருக்குப் பார்வை கொடுத்தார். 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மொத்தம் 11 படுக்கைகள். அவற்றில் ஆறு, பணம் கொடுக்க இயலாதவர்களுக்கு. குடும்பத்து நகைகளை அடகு வைத்துத்தான் கட்டடத்தை எழுப்பினார்கள்.

வணிகர்களே, இதன் கணக்கைக் கவனியுங்கள். வசதி உள்ளவர் கட்டணம் கட்டுகிறார். அதில் மிஞ்சுவது ஏழையின் சிகிச்சைக்குப் போகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த கண் லென்ஸ் அன்று நூறு டாலர் அளவில் விற்றது. ஏழைக்கு அது எட்டாக்கனி. 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி, பத்து டாலர் அளவுக்கு லென்ஸ் செய்தார்கள். கையேந்தி நிற்கிற தர்மம் கொடுப்பவர் கை சுருங்கினால் நின்றுபோகும். தன் காலில் நிற்கிற தர்மம் நிலைக்கும்.

ஆனால் ஆஸ்பத்திரி வாசலைத் திறந்து வைத்தால் மட்டும் ஏழை வந்துவிடுவானா? மாட்டான். அதனால்தான் முகாம்கள். உள்ளூர்க்காரர்கள் இடம் கொடுத்து, தண்டோரா போட்டு, ஆள் திரட்டுகிறார்கள். டாக்டர்கள் வந்து பார்க்கிறார்கள். அறுவை தேவைப்பட்டவரைப் பஸ்ஸில் ஏற்றிப் போய், உணவும் தங்க இடமும் கொடுத்து, திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

அப்படியும் போதவில்லை. தென்னிந்தியக் கிராமங்களில் எடுத்து 1999-ல் வெளியான ஆய்வு ஒன்று, கண் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் முகாமுக்கு வந்தார்கள் என்று சொன்னது. பயம், செலவு, வீட்டு வேலை, துணைக்கு ஆள் இல்லாமை. நம் வீட்டு மூதாட்டிகளை நினைத்துப் பாருங்கள். "எனக்கென்ன வயசாச்சு" என்று சொல்லி இருட்டிலேயே உட்கார்ந்திருப்பவர் எத்தனை பேர்! குறையை அறிந்ததும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. 2004 முதல் சிற்றூர்களில் சிறிய கண் பரிசோதனை மையங்களை வைத்து, தொலைவில் இருக்கும் டாக்டர் கணினி வழியாகப் பார்க்கும்படி செய்தார்கள்.

இது நமக்குப் புதிதா? கெய்ரோவில் 1284-ல் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனை வக்ஃபு சொத்துக்களின் வருமானத்தில் நடந்தது. நம் காலத்தில், கராச்சியின் அப்துல் சத்தார் எதி 1951-ல் ஒரு சிறு மருந்தகத்தோடு தொடங்கினார். 1957-ல் காய்ச்சல் ஊரைச் சூறையாடியபோது கூடாரம் அடித்துச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார். பிறகு கிடைத்த நன்கொடையில் ஒரு பழைய வேனை வாங்கி ஆம்புலன்ஸ் ஆக்கினார். அது பெரும் ஆம்புலன்ஸ் அணியாக வளர்ந்தது. அன்றாடம் ஓடுகிற வண்டிதானே ஆபத்து நாளிலும் உடனே ஓடும்? 2016-ல் இறந்தபோது தம் கண்களையும் தானமாக விட்டுச் சென்றார்.

இளைஞர்களே! 2004 சுனாமியில் நாகையில் உடல்களைச் சுமந்தீர்கள். 2015 சென்னை வெள்ளத்தில் பள்ளிவாசல்களைத் திறந்து சோறு போட்டீர்கள். கொரோனாவில் பெற்ற பிள்ளைகளே நெருங்க அஞ்சிய ஜனாஸாக்களை அடக்கினீர்கள். மதம் கேட்கவில்லை, சாதி கேட்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் வெள்ளம் வடிந்ததும் நாமும் கலைந்துவிடுகிறோமே, அது ஏன்? சர்க்கரை நோய்க்கு வெள்ளக்காலம் கிடையாது. அது தினமும் காலை அரிக்கிறது, கண்ணை மங்க வைக்கிறது.

ஜகாத் பணத்தில் ஆஸ்பத்திரி கட்டலாமா என்று கேட்கிறீர்கள். ஹனஃபி மத்ஹபில் ஜகாத் தகுதியுடையவரின் கையில் உடைமையாகச் சேர வேண்டும். ஆகவே அந்தப் பணத்தை ஏழை நோயாளியிடம் கொடுங்கள். அவர் மருந்துக்கும் அறுவைக்கும் செலவிடட்டும். கட்டடம், வண்டி, முகாம் செலவுக்கு சதகாவும் வக்ஃபும் இருக்கின்றன. மதம் பார்க்காமல் எல்லோருக்கும் செலவிட சதகாவில் தடையில்லை.

பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி எங்கெங்கோ போய் யார் யார் காயத்தையோ கட்டுகிறது. நம் தெருவின் காயத்தை யார் கட்டுவது?

பெரிய திட்டம் வேண்டாம். தெருவுக்கு இரண்டு இளைஞர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு புறப்படுங்கள். பெண்கள் இருக்கும் வீடுகளுக்கு நம் சகோதரிகள் போகட்டும். பார்வை மங்கியவர் யார், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர் யார் என்று எழுதுங்கள். மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் இருக்கிறது. அதில் பெயர் சேருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கு எடுத்துக் கொடுங்கள். துணைக்கு ஆள் இல்லாதவரோடு நீங்களே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வணிகர்கள் வண்டிச் செலவையும் ஒருநாள் கூலியையும் ஏற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவை மாதந்தோறும் பள்ளிவாசல் பலகையில் எழுதிப் போடுங்கள்.

அடுத்த ஜும்ஆவுக்குள் முதல் தெருவின் பட்டியல் வரட்டும். அதில் எழுதப்படும் முதல் பெயர் எந்தச் சமயத்தவருடையதாக இருந்தாலும், முதல் வண்டி அவருக்காகப் புறப்படட்டும், இன்ஷா அல்லாஹ்.