கொஞ்சம் திகட்டட்டும்



அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. மத்தியானம் இரண்டு மணிக்குத் தெருவில் நாய்கூட நடமாடக் காணோம். பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் பிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறார்கள். போன தடவை திறந்தபோது இல்லாத ஏதோ ஒன்று இந்தத் தடவை உள்ளே முளைத்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. "ஆச்சி, ஐஸ் வாங்கித் தாங்க" என்று சின்னவன் ஆரம்பித்தால், பெரியவள் கடையின் பெயரையும் ஐஸின் பெயரையும் விலையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறாள்.

கடையில் வாங்கினால் என்ன குறைச்சல்? ஒன்றுமில்லை. ஆனால் எலுமிச்சம்பழத்திலும் சாத்துக்குடியிலும் வீட்டிலேயே குச்சி ஐஸ் போட்டுப் பழகியவர்களுக்குக் கடை ஐஸில் பழவாசனை போதவே போதாது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் அறிவியல் பாடம் எடுத்தவள் நான். அந்தப் பழக்கம் விடாது. நடுவில் பாடம் எடுத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முதன்முதலில் பார்த்த வீட்டு ஐஸ், பிரிட்ஜில் செய்ததல்ல. எங்கள் தெருவிலேயே அப்போது பிரிட்ஜ் கிடையாது. ஐஸ்காரர் சைக்கிள் கேரியரில் மரப்பெட்டியை வைத்துக் கட்டிக்கொண்டு வருவார். பெட்டி மூடியைத் தட்டுகிற சத்தம் நாலு தெருவுக்குக் கேட்கும். கலர் ஐஸ், பால் ஐஸ், சேமியா ஐஸ். உறிஞ்ச உறிஞ்சக் கலர் நாக்குக்கு வந்துவிடும், கையில் வெள்ளைக் கட்டிதான் மிஞ்சும். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம். சர்பத்துக்கும் கலர் சோடாவுக்கும் போடுவதற்காகச் சித்தப்பா ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு பார் ஐஸ் கொண்டு வந்திருந்தார். மரத்தூள் ஒட்டிய சாக்குக்குள் அது வேர்த்துக்கொண்டு கிடந்தது. பந்தி முடிந்த பிறகு பாதிக் கட்டி மீதி. சித்தப்பா அதைச் சாக்கோடு வைத்து அம்மிக் குழவியால் உடைத்தார். ஒரு பெரிய வாளியில் ஒரு வரிசை ஐஸ், மேலே ஒரு கை கல் உப்பு, மறுபடி ஐஸ், மறுபடி உப்பு. அதற்குள் எவர்சில்வர் டம்ளர்களைக் கழுத்தளவு புதைத்து, எலுமிச்சம்பழச் சாறும் சீனியும் கரைத்த தண்ணீரை ஊற்றினார். விளக்குமாற்றுக்கென்று சீவி வைத்திருந்த புது ஈர்க்கு மும்மூன்றாக நூலால் கட்டப்பட்டு, ஒவ்வொரு டம்ளரிலும் நின்றது. வாளிக்கு மேல் ஈரச்சாக்கு. நாங்கள் ஏழெட்டுப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருந்தோம். சாக்கைத் தூக்கிப் பார்த்தவன் தலையில் குட்டு விழுந்தது.

முக்கால் மணி நேரத்தில் கட்டிவிட்டது. என் தம்பி பொறுக்க மாட்டாமல், வெளியே எடுத்த டம்ளரின் வெளிப்பக்கத்தை நக்கினான். நாக்கு டம்ளரோடு ஒட்டிக்கொண்டது. அவன் போட்ட கூப்பாட்டுக்குக் கல்யாண வீடே திரும்பிப் பார்த்தது. என் ஆச்சி செம்புத் தண்ணீரை அவன் வாயில் ஊற்றி நாக்கை விடுவித்தாள். எனக்குக் கிடைத்த டம்ளரில் உப்புத் தண்ணீர் கொஞ்சம் தெறித்திருந்தது. மேல் பாதி உப்புக் கரித்தது. முழுவதையும் தின்றேன்.

உப்பு என்ன செய்கிறது? வெறும் ஐஸ் உருகும்போது பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போகாது. அந்தக் குளிரை வைத்துச் சீனித் தண்ணீரைக் கட்ட வைக்க முடியாது, ஏனென்றால் சீனித் தண்ணீர் உறைவதற்குப் பூஜ்ஜியத்துக்கும் கீழே போக வேண்டும். உப்பைத் தூவினால் ஐஸ் அவசர அவசரமாக உருகப் பார்க்கும். உருகுவதற்கு வெப்பம் வேண்டுமே? பக்கத்தில் இருக்கிற டம்ளரிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு என்று சரியாகக் கலந்தால் மைனஸ் 21 டிகிரி வரைக்கும் இறங்கும். உங்கள் வீட்டு பிரீசர் மைனஸ் 18. வாளி ஜெயித்துவிடுகிறது, பாருங்கள். கரண்ட் போன நாளில் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டலாம். கையால் மட்டும் கலக்க வேண்டாம், தோல் வெந்த மாதிரி ஆகிவிடும்.

குச்சி ஐஸுக்கு ஒரு பிறந்த கதை உண்டு. அமெரிக்காவில், கலிபோர்னியாவில், பிராங்க் எப்பர்சன் என்ற பதினொரு வயதுப் பையன் 1905-இல் ஒரு இரவு சோடாப்பொடி கரைத்த டம்ளரைக் கலக்கிய குச்சியோடு திண்ணையில் மறந்து வைத்துவிட்டான், காலையில் அது கட்டியாகக் குச்சியில் நின்றது என்பார்கள். 1924-இல் பெரியவனாகி அதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்தப் பையனுக்கு ராத்திரிக் குளிர் சும்மா கிடைத்தது. நமக்கு? சென்னையில் ஐஸ் ஹவுஸ் என்று ஒரு பகுதியே இருக்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த கட்டிகளை அறுத்து, மரத்தூள் போட்டுக் கப்பலில் ஏற்றி, மாதக்கணக்கில் கடலில் கொண்டுவந்து இறக்கி வைத்த கிட்டங்கி அது. 1842-இல் கட்டினார்கள். அதே கட்டிடம்தான் இன்று விவேகானந்தர் இல்லம். அந்த ஐஸ் யாருக்குக் கிடைத்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நிச்சயமாக என் பூட்டிக்கு இல்லை.

சரி, சமையலறைக்குப் போவோம். பேனா, காகிதம் தேட வேண்டாம், எல்லாம் டம்ளர் கணக்குத்தான்.

நல்ல மஞ்சள் எலுமிச்சம்பழம், தோல் மெல்லியதாக, கையில் எடுத்தால் கனமாக இருப்பதாக ஐந்தாறு. எங்கள் தென்காசிப் பக்கம் புளியங்குடிப் பழம் என்றால் தனி மதிப்பு. கோடையில் விலை ஏறிவிடும் என்பதுதான் தொல்லை. 2022 ஏப்ரலில் ஒரு பழம் பத்து ரூபாய்க்கு விற்றதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். மழைக்காலத்தில் மலிவாக இருக்கும்போதே பிழிந்து, பிரீசர் தட்டில் கட்டிகளாக வைத்துக்கொள்வது என் வழக்கம்.

பழத்தை அறுப்பதற்கு முன்னால் இரண்டு வேலை. ஒன்று, தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுவது. சாறு நன்றாக விடும். இரண்டாவது, பலரும் செய்யாமல் விடுவது: இரண்டு பழத்தின் மஞ்சள் தோலை மட்டும், மிகச் சின்னக் கண்ணுள்ள துருவியில் லேசாகத் துருவி எடுத்து, சீனியோடு சேர்த்து விரல் நுனியால் கசக்குங்கள். சீனி ஈரமாகி, இளமஞ்சளாகி, வீடு முழுக்க மணக்கும். எலுமிச்சம்பழத்தின் வாசனை முக்கால்வாசி தோலில் இருக்கிற எண்ணெயில்தான். சாறு கொடுப்பது புளிப்பு. வெள்ளைத் தோல் வந்துவிட்டால் துருவுவதை நிறுத்திவிடுங்கள், அது கசப்பு.

சாறு அரை டம்ளர். சீனி முக்கால் டம்ளருக்குக் கொஞ்சம் மேலே, நூற்று நாற்பது கிராம் வரும். கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டு டம்ளர். உப்பு ஒரு சிட்டிகை. சீனியைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, அது நன்றாக ஆறிய பிறகே சாற்றைச் சேர்க்க வேண்டும். சூட்டில் ஊற்றினால் வாசனை பறந்துவிடும், பழச்சாறு மருந்து மாதிரி ஆகிவிடும்.

இப்போது ஒரு கரண்டி எடுத்து ருசி பாருங்கள். "ஐயோ, ரொம்ப இனிப்பு" என்று தோன்றுகிறதா? அப்படியென்றால் சரி. குடிப்பதற்குக் கணக்காக இருக்கிற சாறு, ஐஸாகும்போது சப்பென்று போய்விடும். குளிரில் நாக்கு மரத்துப்போவதால் இனிப்பு குறைவாகத்தான் தெரியும். முதன்முதலாக நான் பிரிட்ஜில் செய்தபோது, சர்க்கரை நல்லதில்லை என்று கையை இறுக்கிவிட்டேன். கிடைத்தது புளிக்கிற பாறாங்கல். பிள்ளைகள் மரியாதைக்கு இரண்டு நக்கு நக்கிவிட்டுத் தொட்டியில் போட்டுவிட்டார்கள்.

பாறாங்கல் ஆனதற்கும் சீனிதான் காரணம். சாறு உறையும்போது தண்ணீர் மட்டும் தனியே படிகமாகும். சீனியும் புளிப்பும் மிச்சத் தண்ணீரில் ஒதுங்கிக் கெட்டிப் பாகாக, உறையாமல், படிகங்களுக்கு இடையில் நிற்கும். அந்தப் பாகு இருப்பதால்தான் பல் இறங்குகிறது. சீனி குறைந்தால் பாகும் குறைவு, கல். சீனி மிதமிஞ்சினால் கட்டவே கட்டாது, குச்சியைத் தூக்கினால் குச்சி மட்டும் வரும். தெருவில் வாங்கிய கலர் ஐஸில் கடைசியில் வெள்ளைக் கட்டி மிஞ்சியதும் இதனால்தான். நாம் உறிஞ்சியது பாகை, கையில் இருந்தது வெறும் தண்ணீர்ப் படிகம்.

சர்க்கரை நோய் இருப்பவர்கள் கேட்பார்கள், எங்களுக்கு என்ன வழி என்று. சீனி போடாத சாற்றை அகலத் தட்டில் ஊற்றி பிரீசரில் வைத்து, அரை மணிக்கு ஒருதரம் முள்கரண்டியால் சுரண்டிக்கொண்டே வாருங்கள். பூப்பூவாக உதிரும், கல்லாகாது. அதில் இரண்டு கரண்டி. அதற்கு மேல் டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.

சாத்துக்குடிக்கு வருகிறேன். இதில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். மிக்சியில் விதையோடு ஒரு சுற்றுச் சுற்றி, வடிகட்டி, மூடி வைத்துவிட்டுச் சாயங்காலம் குடித்தால் கசக்கிறது. காலையில் கசக்கவில்லையே என்பார்கள். விதையிலும் வெள்ளைத் தோலிலும் இருக்கிற ஒரு பொருள், பழத்தில் இருக்கும்வரை கசக்காது. சாற்றின் புளிப்பில் ஊற ஊறக் கசப்பாக மாறிவிடும். அந்தக் கசப்புப் பொருளுக்கு லிமோனின் என்று பெயர். ஐஸ் என்பது இன்று செய்து நாளை தின்கிற பண்டம், அதனால் நம் கையில் அந்தக் கசப்பு நன்றாகவே மாட்டும். சாத்துக்குடியைக் குறுக்காக அறுத்து, விதையை நோண்டி எடுத்துவிட்டு, கையால் இதமாகப் பிழியுங்கள். கடைசிச் சொட்டுவரை முறுக்க வேண்டாம். இரண்டரை டம்ளர் சாற்றுக்குச் சீனி கால் டம்ளரும் கொஞ்சமும் போதும், பழத்திலேயே இனிப்பு இருக்கிறது. ஆனால் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து விடுங்கள். இல்லாவிட்டால் சாத்துக்குடி ஐஸ் ஆஸ்பத்திரிப் பண்டம் மாதிரி இருக்கும். கமலா ஆரஞ்சு கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் கோடையில் நல்ல கமலா எங்கே?

அச்சு வாங்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. சின்ன எவர்சில்வர் டம்ளர் போதும். பிளாஸ்டிக்கைவிடச் சீக்கிரம் குளிரும். சீக்கிரம் உறைந்தால் படிகம் சின்னதாக இருக்கும், வாயில் நறநறவென்று அரைபடாது. விளிம்பு வரை ஊற்றாமல் ஒரு விரற்கடை இடம் விடுங்கள், ஐஸானால் தண்ணீர் பருக்கும். டம்ளர் வாயைத் தாளால் இறுக்கி மூடி, நடுவில் கத்தி முனையால் கீறிக் குச்சியைச் செருகினால் நேராக நிற்கும். மூடியே ஆக வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு வருஷம் மூடாமல் வைத்தேன், பக்கத்துத் தட்டில் சீலா மீன் இருந்தது. அந்த எலுமிச்சை ஐஸை வீட்டுப் பூனை மட்டும் ஆர்வத்தோடு பார்த்தது.

ராத்திரி வைத்துவிட்டு மறுநாள் மத்தியானம் எடுங்கள். பிள்ளைகளிடம் "ஆறு மணி நேரம்" என்று சொன்னால் ஆறு தடவை கதவைத் திறப்பார்கள். எடுக்கும்போது குச்சியைப் பிடித்து இழுக்காதீர்கள். டம்ளரைக் குழாய்த் தண்ணீரில் பத்து எண்ணும்வரை முக்கி, இலேசாகத் திருகுங்கள். "டொக்" என்று ஒரு சத்தம் வரும். ஐஸ் வழுக்கிக்கொண்டு மேலே எழும். வெளியே ஒரு மெல்லிய ஈரப் பளபளப்பு, உள்ளே துருவிய தோல் மஞ்சள் துணுக்குகளாகத் தொங்கிக்கொண்டிருக்கும். நம்மூர் வெயிலில் நாலு நிமிஷத்தில் முழங்கை வரை வழிந்துவிடும், திண்ணையில் உட்கார வைத்துக் கொடுங்கள்.

எங்கள் வீட்டில் பிள்ளைகள் இப்போது முதலில் கேட்கும் ஐஸ் எலுமிச்சையும் இல்லை, சாத்துக்குடியும் இல்லை. பானக ஐஸ். வெல்லம், எலுமிச்சைச் சாறு, தட்டிய சுக்கு, இரண்டு ஏலக்காய். சித்திரைத் திருவிழாவில் குடிக்கிற அதே பானகம்தான், வெல்லம் மட்டும் ஒரு கை கூட. சுக்கின் காரம் குளிரோடு தொண்டையில் இறங்கும்போது பெரியவர்களும் "இன்னொன்று இருக்கா?" என்று கேட்கிறார்கள். சளி பிடிக்கும் என்று தடுத்த என் வீட்டுக்காரர்தான் போன வாரம் மூன்று தின்றார். நன்னாரி சர்பத்தில் எலுமிச்சை பிழிந்தும் செய்யலாம். அதற்குச் சீனி சேர்க்கவே வேண்டாம், சர்பத்திலேயே இருக்கிறது.

பிழிந்த எலுமிச்சம்பழ மூடிகளை மட்டும் எறிந்துவிடாதீர்கள். ஒவ்வொரு மூடியையும் நாலாக நறுக்கி, கல் உப்பும் மஞ்சள் பொடியும் சேர்த்துக் குலுக்கி, பீங்கான் ஜாடியில் போட்டு, துணியால் வாயைக் கட்டி மொட்டைமாடியில் வையுங்கள். தினம் ஒருதரம் குலுக்க வேண்டும். இந்த வெயிலுக்குப் பத்து நாளில் தோல் குழைந்துவிடும், பிறகு மிளகாய்ப் பொடியும் வெந்தயப் பொடியும் போட்டுத் தாளித்துக்கொள்ளலாம்.