மீட்டர் சொல்லும் வேகம் மெய்தானா?



வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கார் ஓடுகிறது. முள் 110-ல் நிற்கிறது. சட்டத்தை மீறவில்லை என்ற நிம்மதி ஓட்டுநருக்கு. ஆனால் மீட்டர் சாலையைப் பார்ப்பதில்லை. சக்கரத்தின் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. சுற்று எப்படி வேகமாக மாறுகிறது?

சக்கரம் ஒருமுறை சுற்றினால், வண்டி அதன் சுற்றளவுக்குச் சமமான தூரம் நகரும். கணக்கு இவ்வளவுதான்: விட்டத்தை 3.1416-ஆல் பெருக்கினால் சுற்றளவு. அதை நிமிடத்திற்கான சுற்றுகளாலும், பிறகு 60-ஆலும் பெருக்கினால் ஒரு மணி நேரத்தில் ஓடும் தூரம் கிடைக்கும்.

டயரில் 185/60 ஆர்15 என்று எழுதியிருக்கிறது என வைத்துக்கொள்வோம். 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். அதில் 60 விழுக்காடு, அதாவது 111 மில்லிமீட்டர், டயரின் பக்கவாட்டு உயரம். 15 அங்குல ரிம் 381 மில்லிமீட்டர். மேலும் கீழும் 111 சேர்த்தால் விட்டம் 603. சுற்றளவு ஏறத்தாழ 1.89 மீட்டர். நிமிடத்திற்கு 800 சுற்று என்றால் வேகம் மணிக்குச் சுமார் 91 கிலோமீட்டர்.

இனிதான் சிக்கல். அழகுக்காக ஒருவர் 195/65 ஆர்15 டயர் மாட்டுகிறார். ரிம் அதேதான், விட்டமோ 634.5 மில்லிமீட்டராகிறது. அதே 800 சுற்றில் வேகம் இப்போது ஏறக்குறைய 96. மீட்டருக்கு இது தெரியாது. பழைய கணக்கையே காட்டும். பழைய டயரில் சரியாக இருந்த மீட்டர் 110 காட்டும்போது, வண்டி உண்மையில் ஏறக்குறைய 116-ல் பறக்கும்!

மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பது ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதி. அதனால் தயாரிப்பாளர்கள் சற்றுக் கூட்டியே காட்டும்படி அமைப்பதுண்டு. பெரிய டயர் அந்தப் பாதுகாப்பை விழுங்கிவிடுகிறது.

சம்மன் மட்டுமே நட்டமல்ல. பிரேக் பிடித்து நிற்கும் தூரம் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் வளரும். வேகம் 5 விழுக்காடு கூடினால் அந்தத் தூரம் 10 விழுக்காட்டுக்கு மேல் கூடும். மழை நாளில் முன்னால் போகும் லோரிக்கும் நமக்கும் உள்ள இடைவெளி அதுவாகவே இருக்கலாம்.

ஆகவே, டயர் மாற்றும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நிமிடக் கணக்கு ஓர் உயிரைக் காக்கலாம்.