கூழைக்கடாவும் ஊர்ப் பெருமரமும்

பேகம்பேட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஹுஸேன் ஸாகர் ஏரி அருகிலேயே இருக்கிறது. அந்த நீர்ப்பரப்பைக் காணும்போது நம்மில் பலருக்குச் சொந்த ஊர்க் குளமும் கரையில் நின்ற பெருமரமும் நினைவுக்கு வரும். அந்தக் குளத்தையும் மரத்தையும் ஒருசேர நம்பி வாழும் பறவை ஒன்று உண்டு. அதுவே கூழைக்கடா.

கடற்கழிகளிலும் ஏரிகளிலும் மீன் பிடித்துண்பது இதன் வழக்கம். அலகின் கீழ்த் தொங்கும் தோற்பையே இதற்கு வலை. இரை நீரில்; இல்லமோ மரத்தின் உச்சியில். நான்கைந்து கிலோ எடையுள்ள இப்பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. முட்டை பொரிக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். குஞ்சுகள் மேலும் மூன்று முதல் ஐந்து மாதம் வரை கூட்டையொட்டியே வளரும். இத்தனை பாரத்தை இத்தனை காலம் சுமக்க இளமரத்தால் இயலுமா? முதிர்ந்த மரம் வேண்டும்.

நம் முன்னோர் பலர் பிழைக்கச் சென்ற பர்மாவில், சித்தாங் சமவெளியில், ஒரு பெருங்காடு இருந்தது. 1877-இல் அங்குச் சென்ற ஓட்ஸ் என்னும் ஆங்கிலேயர், வானளாவிய மரங்களில் எண்ணிலடங்காக் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருக்கக் கண்டு எழுதி வைத்தார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அந்தப் பறவைக் குடியிருப்பு இல்லாமற் போயிற்று.

அவ்வளவு தொலைவு போவானேன்? ஆந்திரத்தின் கொல்லேறு ஏரிக்கு அருகில், 1946-இல், பறவை அறிஞர் கே. கே. நீலகண்டன் ஒரு குடியிருப்பைக் கண்டறிந்தார். ஏறத்தாழ 3,000 கூழைக்கடாக்கள் அங்கே இருந்தன. 1975-ஆம் ஆண்டையொட்டி அவை அவ்விடத்தைக் கைவிட்டன. ஏரி இருந்தது, குடியிருந்தோர் போய்விட்டனர். பிற்காலத்தில் அதே ஏரியின் அட்டபாகாப் பகுதியில் வனத்துறையினர் இரும்புத் தாங்கிகளை நட்டனர். கூழைக்கடாக்கள் அவற்றின்மேல் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. இது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், மரத்தின் இடத்தில் இரும்பை நடவேண்டிய நிலை வந்ததை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இத்தகைய தேவை கூழைக்கடாவுக்கு மட்டும் உரியதன்று. பசிபிக் கடலில் மீன் பிடிக்கும் மர்ரலெட் என்னும் சிறு பறவை கலிபோர்னியாவில் எங்கே முட்டையிடுகிறது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 1974-இல் மரமேறிய ஒருவர், ஏறத்தாழ 45 மீட்டர் உயரத்தில், பாசி படர்ந்த கிளையொன்றில் அதன் குஞ்சைக் கண்டார். பழங்காடுகள் வெட்டப்பட்டதால் அப்பறவை அருகி, 1992-இல் அமெரிக்க அரசின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது.

நம் கூழைக்கடாவின் நிலை சற்றே தேறியிருக்கிறது. அதற்குக் கிராமத்து மக்களின் பரிவும் ஒரு காரணம். திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்தில் பறவைகளுக்காகப் பட்டாசு வெடிக்காத ஊரார் இருக்கிறார்கள். கர்நாடகத்தின் கொக்கரே பெள்ளூரில் புளிய மரங்களிலே பறவைகள் குடியேறினால், உரியவர்கள் அந்த மகசூலை விட்டுக்கொடுக்கிறார்கள். வனத்துறை ஈட்டுத் தொகை வழங்குகிறது. புளி ஓர் ஏழைக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் என்பதை அறிந்தவர்களுக்கு அந்தப் பெருந்தன்மையின் அளவு புரியும்.

நேயர்களே, அயலூரில் வாழும் நம்மில் பலருக்கு ஊரில் இன்னும் சிறிது நிலமும், அதில் ஓரிரு பழைய மரங்களும் உண்டு. “நீங்கள்தான் இங்கே இல்லையே, மரத்தை விலைபேசிவிடலாமா?” என்று உறவினரிடமிருந்து கேள்வி வரும். விடை கூறுமுன் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நட்ட கன்று அந்த மரமாக வளர ஒரு தலைமுறை போதாது. வெட்டுவதற்கோ ஒரு பகல் போதும். நாம் விட்டு வந்த ஊரில், நமக்குப் பதிலாக வேறொரு குடும்பம் அந்தக் கிளையில் வாழ்ந்துகொண்டிருக்கலாம்.