ரயிலுக்கு 51 ஆண்டுகள் பின்னால் வந்த தண்ணீர்



தூத்துக்குடியின் தொடக்ககால நகர வாழ்வும் வணிகமும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் கொற்கையில் புறப்படுவார்கள். முத்தைப் பாடி, போர்த்துக்கீசியரையும் டச்சுக்காரரையும் வரிசையாக இறக்கிவிட்டு, கடைசியில் வ.உ.சி.யின் கப்பலில் ஏறிக் கைதட்டலோடு கரை சேர்வார்கள். அதில் தவறில்லை, பெருமைப்பட வேண்டிய வரலாறுதான். ஆனால் நான் இரண்டே இரண்டு ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறேன். 1876-ல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. 1927-ல் வல்லநாட்டிலிருந்து குழாய் வழியாகத் தாமிரபரணித் தண்ணீர் வந்தது. நடுவே 51 ஆண்டுகள். நகராட்சி 1866-லேயே அமைந்துவிட்டது என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஒரு நகராட்சி தன் மக்களுக்கு ஆற்றுத் தண்ணீர் கொடுக்க 61 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. துறைமுகம் இந்த மண்ணுக்குச் சரக்கைக் கொண்டுவந்தது, ஆளைக் கொண்டுவந்தது, பணத்தையும் கொண்டுவந்தது. அதனாலேயே இது ஊராகிவிடவில்லை. தன் சாதிக்காரன் அல்லாத, தன்னோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத ஒருவனுடைய தேவைக்கும் சேர்த்து எல்லோரும் ஒரே பெட்டியில் காசு போடப் பழகிய பிறகுதான் இது ஊரானது என்பது என் வாதம். அந்தப் பழக்கம் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது என்பதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன்.

முத்துக்குப் பெயர் போன ஊர், முத்திலிருந்தே தொடங்குவோம். முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்த தொழில் அல்ல. கடலடியில் சிப்பி விளையும் பாரில் சிப்பி முற்றியிருக்கிறதா என்று அதிகாரிகள் ஆள் இறக்கிப் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. இல்லையென்றால் பத்து ஆண்டானாலும் இருபது ஆண்டானாலும் காத்திருக்க வேண்டியதுதான். நடந்த ஆண்டுகளில் ஆங்கில அரசு மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டது, மூச்சை அடக்கி ஆழத்தில் இறங்கியவனுக்கு மூன்றில் ஒன்று. அரசின் பங்குச் சிப்பிகள் பிளக்கப்படாமலே ஏலத்துக்குப் போயின. உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதையா என்று தெரியாமலே வணிகர்கள் விலை கேட்டார்கள். அந்தச் சில வாரங்களுக்குக் கடற்கரை மணலில் கொட்டகைகளும் கடைகளுமாக ஒரு நகரமே எழும், சீசன் முடிந்ததும் இருந்த இடம் தெரியாமல் கலைந்துவிடும். 1955-ல் தொடங்கி 1961 வரை நடந்ததுதான் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. இப்படி எப்போது வரும் என்று தெரியாத, வந்தாலும் பெரும்பங்கு வெளியே போய்விடுகிற வருமானத்தை நம்பி ஒரு தெருவுக்கு விளக்குப் போட முடியுமா? முத்து நமக்குப் பெயர் தந்தது. நகராட்சி நடத்தும் வரவு அதில் என்றுமே இருந்ததில்லை.

ஊரை வளர்த்தது பஞ்சு. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் விளைந்த பருத்தி மாட்டு வண்டிகளில் இங்கே வந்தது, பிரஸ்ஸில் இறுக்கிப் பொதியானது, கப்பலேறியது. கப்பலோ கரைக்கு வராது. விரிகுடா ஆழமில்லாததால் மைல் கணக்கில் தள்ளித்தான் நங்கூரமிடும். பொதியைத் தோணியில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோக வேண்டும், இறக்குமதியையும் தோணியில்தான் கரைக்குக் கொண்டுவர வேண்டும். இந்த ஒரு சங்கடம் எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்பதைத் தோணிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கப்பல்களுக்கு வழிகாட்ட முயல் தீவில் 1842-லேயே கலங்கரை விளக்கம் வந்தது. பஞ்சுக்கு ரயில் 1876-ல் வந்தது. அந்த ரயிலிலேயே இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற கூலி ஆட்கள் வந்து இறங்கி, இங்கிருந்து கொழும்புக் கப்பல் ஏறினார்கள். 1888-ல் ஹார்வி சகோதரர்களின் கோரல் மில் வந்தது. வரிசையைக் கவனியுங்கள்: கப்பலுக்கு விளக்கு, பஞ்சுக்குத் தண்டவாளம், நூலுக்கு மில். மனிதனுக்குத் தண்ணீர் இந்த வரிசையில் எங்குமே இல்லை. பஞ்சுக்கு முதலாளி உண்டு, அவர் லண்டனுக்கும் சென்னைக்கும் எழுதிக் கேட்பார். உப்புக் கரிக்கும் கிணற்றில் இறைத்துக் குடித்தவனுக்காக எழுதிக் கேட்க யார் இருந்தார்கள்?

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம். "வணிகம் முதலில் வந்தால்தானே வரி வரும்? வரி வந்தால்தானே குழாய் போட முடியும்? வரிசை சரியாகத்தானே இருக்கிறது?" கேள்வி நியாயமானது. பத்து ஆண்டு இடைவெளி என்றால் நானும் ஒப்புக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அரை நூற்றாண்டை அப்படி விளக்க முடியாது. குழாய் போடும் வித்தை தெரியாமலும் இல்லை, புழல் ஏரியிலிருந்து சென்னைக்குத் திட்டமிட்ட குடிநீர் 1872-லேயே வந்துவிட்டது. இங்கே பணமும் இருந்தது. அந்தப் பணத்தில் கை வைக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1865-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான நகராட்சிகள் போலீஸ் செலவில் பெரும்பங்கைத் தாங்க வேண்டியிருந்தது. உறுப்பினர்கள் அரசு நியமித்தவர்கள். 1884-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தேர்தல் பரவலாக வந்தது. அப்போதும் குறிப்பிட்ட அளவு வரி கட்டியவருக்கே வாக்கு. வீட்டில் நல்ல கிணறு உள்ளவரும் வண்டித் தண்ணீரை விலைக்கு வாங்க முடிந்தவருமே வாக்களித்தால், சபையில் தண்ணீர்ப் பேச்சு முதலில் வருமா?

சரி, ஊர்மக்களுக்குப் பொதுக்காசு பழக்கமே இல்லையா என்றால், நிறையவே இருந்தது. பரதவர் சமூகத்தில் ஜாதித் தலைவர் என்ற அமைப்பு நூற்றாண்டுகளாக இருந்தது. மீன்பாட்டில் கோயிலுக்கென்று ஒரு பங்கு ஒதுக்குவது கடற்கரை வழக்கம். பனிமய மாதாவின் பொன்தேர் 1806-ல் முதன்முதலாக இழுக்கப்பட்டது, அதுவும் பொதுப்பணத்தின் பெருமைதான். நாடார் வணிகர்களிடம் மகமை இருந்தது. பொதிக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவரும் எடுத்து வைத்த காசில் கோயிலும் பள்ளியும் பேட்டையும் எழுந்தன. அந்தப் பழக்கத்தின் நீட்சியாகத்தான் 1921-ல் இந்த ஊரில் நாடார் வங்கி பிறந்தது. 1937-ல் கொழும்பில் கிளை திறந்து, 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. "சாதிப் பெட்டியைப் பொதுப்பெட்டி என்று சொல்லலாமா?" என்று இன்றைய இளைஞர்கள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். என் பதில் இதுதான். கணக்கு எழுதுவதும், பிறர் பணத்தைத் தன் பணத்தோடு கலக்காமல் வைத்திருப்பதும், கூட்டத்தில் பெட்டியைத் திறந்து காட்டுவதும் முதலில் அங்கேதான் பழகின. அந்த ஒழுக்கத்துக்கு மரியாதை செய்ய வேண்டும். ஆனால் மகமைப் பெட்டியிலிருந்து தண்ணீர்க் குழாய் போட முடியாது. குழாய் ஒரு தெருவில் நுழைந்தால் அந்தத் தெருவில் இருக்கிற எல்லா வீட்டையும் தாண்டித்தான் போக வேண்டும், சாதி பார்த்து வளைய அதற்குத் தெரியாது.

எல்லோரும் சேர்ந்து போட்ட முதல் பெரிய பெட்டி எது என்று கேட்டால், நான் 1906-ஆம் ஆண்டு சுதேசி நாவாய்ச் சங்கத்தைச் சொல்வேன். மூலதனம் 10 லட்சம் ரூபாய், 40,000 பங்குகள், பங்கு ஒன்று 25 ரூபாய். நாலு பெரிய மனிதரிடம் மட்டும் வாங்கிக் கம்பெனி நடத்த நினைத்தவர் பங்கின் விலையை 25 ரூபாயாக வைத்திருக்க மாட்டார். தலைவராகப் பாண்டித்துரைத் தேவர் இருந்தார். 8,000 பங்குகளை ஹாஜி முகமது பக்கீர் சேட் எடுத்துக்கொண்டார், மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒன்று. செயலாளராக வ.உ.சி. இருந்தார். 1907-ல் காலியா, லாவோ இரண்டு கப்பல்களும் வந்தன. போட்டிக்கு நின்ற ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி கட்டணத்தை வெட்டு வெட்டென்று வெட்டியது. அடுத்த ஆண்டு வ.உ.சி. சிறைக்குப் போனார், சில ஆண்டுகளில் கம்பெனி கலைந்தது, கப்பல்கள் விற்கப்பட்டன.

"பார்த்தீர்களா, பொதுநோக்கத்தையும் வியாபாரத்தையும் கலந்தால் இரண்டும் கெடும்" என்று இந்தக் கதையிலிருந்து பாடம் எடுக்கிறவர்கள் உண்டு. வணிகர்களிலேயே பலர் அப்படிச் சொல்வார்கள். கட்டணப் போரில் எந்தச் சிறு கம்பெனிதான் பிழைத்தது? நட்டத்தைத் தாங்கும் பணபலமும் அரசின் தயவும் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் அதை வியாபாரப் போட்டி என்று எப்படிச் சொல்வது? செயலாளரையே இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் எந்தக் கம்பெனி நிற்கும்? வ.உ.சி.யின் நிர்வாகத்தில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. பங்குதாரர்களிடையே மனவருத்தம் இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கம்பெனியின் லாப நட்டக் கணக்கில் ஏறாத ஒரு வரவு உண்டு. 1908 பிப்ரவரி 27-ல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டபோது, அவர்களுக்குச் சோறு போட்டது யார்? இந்த ஊர். வணிகர் அரிசி கொடுத்தார், வக்கீல் பணம் கொடுத்தார், எதிராகப் பேசியவருக்குச் சவரம் செய்ய மறுத்தார் நாவிதர். சுமார் பத்து நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச் 12-ல் வ.உ.சி.யைக் கைது செய்ததும் கடைகள் அடைபட்டன, மில்லில் மறுபடியும் வேலை நின்றது. தன் மில் அல்ல, தன் கூலி அல்ல, தன் சாதி அல்ல, ஆனாலும் தன் விஷயம் என்று தூத்துக்குடிக்காரர்கள் நினைத்த நாட்கள் அவை.

அடுத்த ஆண்டு, 1909-ல், குரூஸ் பர்னாந்து நகராட்சித் தலைவரானார். 1909-க்கும் 1927-க்கும் இடையில் ஐந்து முறை அந்தப் பொறுப்பில் இருந்தார். தூத்துக்குடியிலிருந்து 30 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள வல்லநாட்டில் ஆற்றுத் தண்ணீரை எடுத்துக் குழாயில் கொண்டுவருவது இன்றைக்கே சிறிய வேலை அல்ல. அன்றைக்கு ஒரு நகராட்சி அதற்கு அரசின் ஒப்புதல் வாங்க வேண்டும், பணத்துக்கு வழி காட்ட வேண்டும், வரி கட்டுகிறவர்களைச் சம்மதிக்க வைக்க வேண்டும், இத்தனையும் தேர்தலுக்குத் தேர்தல் பதவியைக் காப்பாற்றிக்கொண்டே செய்ய வேண்டும். அவர் செய்தார். 1927-ல் தண்ணீர் வந்தது, 1930-ல் அவர் மறைந்தார்.

இவரைப் பற்றிப் பேசும்போது "ஒரு பெரிய மனிதர் வந்தார், ஊர் விடிந்தது" என்று முடித்துவிடுகிறோம். சிலை வைத்து மாலை போடுவதற்கு அந்த வசனம் வசதியானது. வரலாற்றுக்குப் போதாது. 1919-ஆம் ஆண்டு அரசியல் சீர்திருத்தத்துக்குப் பிறகு உள்ளாட்சித் துறை மாகாணத்தில் இந்திய அமைச்சர் கைக்கு வந்தது. 1920-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம் சபையின் அதிகாரத்தைக் கூட்டியது. "அன்னிய ஆட்சிதான் தண்ணீர் வராததற்குக் காரணம்" என்பவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது. அன்னிய ஆட்சி நீடித்தபோதே தண்ணீர் வந்துவிட்டது. மாறியது, சபையில் யார் உட்காரலாம், யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற விதி. அந்த விதி மாறாமல் குரூஸ் பர்னாந்து மட்டும் இருந்திருந்தால் மனு எழுதியே மாண்டிருப்பார். விதி மாறி அவர் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் பத்து ஆண்டு தள்ளிப்போயிருக்கும்.

பிற்பாடு வந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1974-ல் புதிய பெருந்துறைமுகம் திறக்கப்பட்டது, 2008-ல் மாநகராட்சி ஆனோம். உரம் வந்தது, அனல் மின்சாரம் வந்தது. பழைய வழக்கு மட்டும் தீரவில்லை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுத் தண்ணீர் தொழிற்சாலைக்கா, வயலுக்கா, வீட்டுக்கா என்று நாளுக்கு 2 கோடி காலன் எடுக்கும் 20 எம்.ஜி.டி. திட்டத்தை வைத்துப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனோம். தண்ணீர் இல்லாமல் தவித்த ஊர் தண்ணீருக்குள்ளேயே தவித்ததையும் பார்த்தோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இங்கே பல தெருக்களில் நாட்கணக்கில் வெள்ளம் நின்றது. நகரின் மழைநீரை வடிக்கும் பக்கிள் ஓடை இவ்வளவு மழையைத் தாங்காததை இயற்கையின் குற்றம் என்று ஒதுக்கலாம். ஆனால் சாதாரண மழைக்கே ஓடையின் நிலை என்ன என்று வெள்ளத்துக்கு முன் எத்தனை வணிகர் சபையில் எழுந்து கேட்டோம்?

நான் கடைசியாக வணிகப் பெருமக்களிடம் ஒன்று கேட்கிறேன். 2022 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டு நகரங்களில் வார்டுக்குள் பகுதி சபைகள் கூடுகின்றன. துறைமுகக் கட்டணம் உயர்ந்தால் மறுநாளே தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்புகிற சங்கங்கள் இந்த மேடையின் முன்வரிசையில் இருக்கின்றன. அடுத்த முறை உங்கள் வார்டில் பகுதி சபை கூடும்போது சங்கத்தின் சார்பில் ஒருவரை அனுப்புங்கள். உங்கள் கிடங்கின் தெருவைப் பற்றிப் பேச வேண்டாம், அடுத்த தெருவின் குழாயையும் ஓடையையும் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள்.