உடைந்த பெஞ்சுக்கு ஒரு நாள்
(குறுவளமையக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

நம் பள்ளிகள் பலவற்றில் ஓர் அறை பூட்டியே கிடக்கும். திறந்தால் கால் ஆடும் பெஞ்சுகள், பலகை பெயர்ந்த மேசைகள். அடுத்த வகுப்பில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழுதுவார்கள். இந்த இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ள சுவரை எப்படி எடுப்பது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதல் வேலை, எண்ணுவது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து மூன்றாகப் பிரியுங்கள்: மூட்டு மட்டும் ஆடுபவை, பலகையோ காலோ மாற்ற வேண்டியவை, பிரித்து மரத்தை மட்டும் பயன்படுத்தத் தக்கவை. ஊசித்துளைகளில் இருந்து மாவு உதிர்ந்தால் வண்டு அரிக்கிறது என்று பொருள். அதைத் தனியே வையுங்கள். இருப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்ட பிறகே கை வையுங்கள். உரிய அனுமதி இல்லாமல் எதையும் பிரிக்கவோ கழிக்கவோ கூடாது.

இந்த வேலையில் பெரிய செலவு பொருள் அல்ல, ஆசாரியின் கூலி. அவர் வந்த பிறகு ஆணி வாங்க ஆள் அனுப்பினால் பாதி நாள் போய்விடும். பசை, திருகாணி, உப்புத்தாள், ரப்பர் புஷ் எல்லாம் முதல் நாளே தயாராக இருக்கட்டும்.

ஆடும் மூட்டில் மேலும் ஓர் ஆணி அடிப்பதே நம் வழக்கம். அது மரத்தைப் பிளக்கும். சில நாளில் மீண்டும் ஆடும். வெளியே நீட்டிய ஆணி பாவாடையைக் கிழிக்கும், தொடையைக் கீறும். மூட்டைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதிய பசை தடவி, இடைவெளியில் மெல்லிய ஆப்பு வைத்து இறுக்குங்கள். கயிற்றைச் சுற்றி, நடுவில் குச்சி செருகி முறுக்கினால் நன்றாகப் பிடிக்கும். ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள்.

அடுத்தது உயரம். உயர்நிலைப் பள்ளியில் கழித்த பெஞ்சுகள் தொடக்கப் பள்ளிக்கு வருவதுண்டு. அதில் உட்காரும் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கால் தரையைத் தொடாது. கால் தொங்கினால் தொடையின் அடிப்பகுதி அழுந்தி மரத்துப்போகும், பிள்ளை நெளியும். நாம் "அசையாமல் உட்கார்" என்று அதட்டுகிறோம். பாதம் முழுதும் தரையில் படியும் அளவுக்குப் பெஞ்சின் காலை அறுக்கலாம். மேசையையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். அறுக்க மனமில்லையென்றால் பாதம் வைக்கக் குறுக்குச் சட்டம் ஒன்று போதும்.

பெயிண்ட் விஷயத்தில் கவனம் தேவை. வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறையானது. அதற்கு முன் அடித்த பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம். விடுமுறை நாளில், திறந்த வெளியில், முகக்கவசம் அணிந்து, தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். சுரண்டலைப் பெருக்காமல் ஈரத்துணியால் வழித்தெடுத்துப் பையில் கட்டுங்கள். மாணவர்களை இந்த வேலைக்கு அழைக்கவே கூடாது. புதிய பெயிண்ட் வாங்கும்போது டப்பாவில் ஈயம் பற்றிய குறிப்பைப் படியுங்கள்.

பணம் குறைந்தால் எதை விடுவது? வண்ணத்தை விடுங்கள். மூட்டு, உயரம், பிசிறில்லாத மேற்பரப்பு, இந்த மூன்றையும் விடாதீர்கள். கால்களின் அடிமுனைக்கு மட்டுமாவது பெயிண்ட் தடவி ரப்பர் புஷ் மாட்டுங்கள். வகுப்பறையைக் கழுவும் தண்ணீரை மரம் உறிஞ்சுவது அங்கேதான்.

பத்துப் பெஞ்சையும் ஒரே மாதத்தில் முடிக்க வேண்டியதில்லை. முதலில் இரண்டைச் சரிசெய்து, தரையில் அமர்ந்திருக்கும் வகுப்புக்குக் கொடுங்கள். அதைப் பார்க்கும் பெற்றோரில் ஓர் ஆசாரியோ வெல்டரோ இருக்கக்கூடும். அடுத்த குழுக் கூட்டத்தில் அவரிடம் பேசுங்கள்.