வந்த ஊரும் வாழும் ஊரும்
(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

மல்காஜ்கிரியில் மனையும் வீடும் வாங்கி வாழ்வது பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். நான் புலவனல்லன், ரயில்வேயில் எழுத்தராயிருந்து ஓய்வு பெற்றவன். ஆயினும் இப்பொருளில் அடிபட்டவன் என்ற தகுதி எனக்குண்டு. அடிபட்டவன் சொல்லுக்கு ஏட்டில் இல்லாத பயன் ஒன்று உண்டன்றோ?

1966 அக்டோபர் 2 ஆம் நாள் தென் மத்திய ரயில்வே செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றியது. தென்னக ரயில்வேயின் சில பகுதிகளும் அதனுள் அடங்கின. அவ்வழியே வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. இராணுவத்தாலும், பின்னர் எழுந்த பொதுத்துறைத் தொழிற்சாலைகளாலும் வந்தோர் வேறு பலர். லாலாகூடா, மௌலா அலி, ஆனந்த்பாக், சஃபில்குடா, நேரேட்மெட் என்று நம்மவர் பரவினர். நான் 1978 இல் வந்தேன். அந்நாளில் மல்காஜ்கிரி வழியே மீட்டர் கேஜ் வண்டி ஓடிற்று. வந்த அன்றே என் மனைவியிடம், "இரண்டே ஆண்டு, பிறகு மாறுதல் வாங்கிக் கும்பகோணம் பக்கம் போய்விடலாம்" என்றேன். அவளும் நம்பினாள். பாத்திரப் பெட்டி ஒன்றைப் பிரிக்காமலே வைத்திருந்தாள்.

அந்தப் பெட்டி பல ஆண்டுகள் பிரிக்கப்படவில்லை!

1991 இல் என் மகள் பள்ளிப் படிவம் ஒன்றைத் தானே நிரப்பினாள். 'சொந்த ஊர்' என்ற இடத்தில் 'மல்காஜ்கிரி' என்று எழுதியிருந்தாள். நான் அதனை அடித்துத் திருத்தினேன். அவள் அழுதுகொண்டே, "அப்பா, அந்த ஊரில் எனக்கு யாரைத் தெரியும்?" என்று கேட்டாள். விடை கூற எனக்கு நா எழவில்லை. வந்த ஊருக்கும் வாழும் ஊருக்கும் இடையே, இரண்டிலும் காலூன்றாமல், நான் குடும்பத்தை நிறுத்தி வைத்திருந்தேன் என்பது அன்றுதான் புலப்பட்டது.

அன்று முதல் மனை தேடலானேன். தேடியவன் ஏமாந்தேன். ஏரிக்கரையை ஒட்டி மலிவான விலையில் ஒரு மனை கிடைத்தது. விற்றவர் பதிவுப் பத்திரம் வேண்டாம், அதிகாரப் பத்திரமே போதும் என்றார். முன்பணமாகப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டேன். என் வீட்டு உரிமையாளர் ஒரு தெலுங்குப் பெரியவர். நான் அவரைப் 'பாபாய்காரு' என்றே அழைப்பேன். செய்தியறிந்த அவர் ஒன்றும் சொல்லாமல், அடைமழை பெய்த ஒரு நாள் மாலை என்னை அம்மனைக்கு அழைத்துச் சென்றார். மனை இருந்த இடத்தில் முழங்கால் அளவு நீர்! "பாபூ, இது சிகம் நிலம். நிலத்தை வெயிலில் பார்க்காதே, மழையில் பார்" என்றார். ஏரியின் நீர்ப்பிடிப்புக்குள் அடங்கிய நிலத்துக்கு இங்கே சிகம் என்று பெயர். கொடுத்த முன்பணம் திரும்பி வரவேயில்லை. ஆனால் என் குடும்பம் தப்பியது.

அன்பர்களே! இவ்வட்டாரம் ஏரிகளின் வட்டாரம். சஃபில்குடாவில் நாம் வணங்கும் கட்டமைசம்மாவின் பெயரைக் கவனித்தீர்களா? 'கட்ட' என்பது ஏரிக்கரை. நம்மூரில் கரைதோறும் காவல் தெய்வம் நிற்பது போலவே இங்கும் அன்னை நிற்கிறாள். 2020 அக்டோபர் 13 ஆம் நாள் கொட்டிய பெருமழையில் ஹைதராபாத்தின் பல குடியிருப்புகள் மீண்டும் ஏரிகளாயின. நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. 2012 ஆம் ஆண்டுக் கட்டட விதிகள், பத்து ஹெக்டேரும் அதற்கு மேலுமுள்ள ஏரிகளுக்கு முழுக்கொள்ளளவு எல்லைக்கு அப்பாலும் 30 மீட்டர் இடம் விடுமாறு வகுத்தன. 2024 ஜூலையில் அமைக்கப்பட்ட ஹைட்ரா என்னும் அமைப்பு, ஏரி ஆக்கிரமிப்புகள் எனக் கண்ட கட்டடங்களை இடிக்கத் தொடங்கியதையும் பார்த்தோம். கடன் வாங்கிக் கட்டியவன் கண்முன் சுவர் விழுவதைக் காட்டிலும் கொடுமை உண்டோ?

இனிப் பத்திரங்களைப் பற்றிச் சில சொற்கள்.

முதலாவது, அளவு. நாம் கிரவுண்டும் சென்டும் அறிந்தவர்கள். இங்கே சதுர கஜம் வழக்கு. ஒரு சதுர கஜம் ஒன்பது சதுர அடி. ஒரு கிரவுண்டாகிய 2,400 சதுர அடி, ஏறத்தாழ 267 சதுர கஜம். குண்டா என்றால் 121 சதுர கஜம். நாற்பது குண்டா ஓர் ஏக்கர். கணக்கறியாமல் விலை பேசுவது கண்ணை மூடி நடப்பதாகும்.

இரண்டாவது, உரிமை. அதிகாரப் பத்திரத்தின் பேரில் நடக்கும் விற்பனை சொத்துரிமையை மாற்றாது. பதிவு செய்த கிரயப் பத்திரமே மாற்றும் என்று 2011 இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறிவிட்டது. மூலப்பத்திரங்களை வரிசையாகப் பாருங்கள். குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். பத்திரம் தெலுங்கில் இருந்தால், படிக்கத் தெரிந்த ஒருவர் வரிவரியாகப் படித்துச் சொல்லும்வரை கையெழுத்திடாதீர்கள்.

மூன்றாவது, அடுக்குமாடி. மல்காஜ்கிரியில் வெற்று மனை அருகிவிட்டது. ஆகவே பலர் அடுக்குமாடியையே நாடுகின்றனர். கட்டடத்துக்கு வயதாகும், நிலத்துக்கு வயதாகாது. எனவே உங்கள் பங்குக்கு வரும் பிரிபடா நிலம் எத்தனை சதுர கஜம் என்று முதலில் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டு ரேரா சட்டப்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கட்டுநர் பெறலாகாது. ஒப்படைத்த ஐந்தாண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தோன்றினால் அவரே தம் செலவில் சீர்செய்ய வேண்டும்.

முதலீட்டைப் பற்றி இளைஞர்கள் கேட்கிறார்கள். இப்பகுதி வளர்ந்தது உண்மை. 2007 இல் மல்காஜ்கிரி நகராட்சி ஹைதராபாத் மாநகராட்சியோடு இணைந்தது. 2016 இல் மேட்சல்-மல்காஜ்கிரி மாவட்டம் பிறந்தது. 2023 ஏப்ரலில் செகந்திராபாத்திலிருந்து மேட்சல் வரை எம்எம்டிஎஸ் வண்டி ஓடத் தொடங்கியது. ஆயினும், வளர்ச்சியைக் காட்டி கட்கேசரிலும் கீசராவிலும் தரிசு நிலத்தைத் தங்கமென விற்பவரும் உளர். நான் சொல்வது இது: முதல் வீடு வாழ்வதற்கு, இரண்டாவது வீடுதான் வருவாய்க்கு. முதலதைக் கடனின்றி முடிக்குமுன் இரண்டாவதை எண்ணாதீர்கள். தாய்மார்களின் பெயரையும் பத்திரத்தில் சேருங்கள். பத்திரம் எங்கே இருக்கிறது என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

கடல் கடந்த தமிழரையும் ஒரு கணம் நினைப்போம். சுமத்ராவின் மேடான் நகரில் 1884 இல் மாரியம்மனுக்குக் கோயில் எடுத்தார்கள் நம்மவர். இந்தோனேசியாவின் 1960 ஆம் ஆண்டு நிலச்சட்டமோ முழு உடைமையை அந்நாட்டுக் குடிமக்களுக்கே உரியதாக்கியது. அங்கே வேரூன்ற விரும்பிய அயலான் முதலில் குடியுரிமை தேட வேண்டியிருந்தது. நமக்கு அத்தொல்லை இல்லை. இந்நாட்டின் எப்பகுதியிலும் குடியிருந்து நிலைபெறும் உரிமையை நம் அரசியலமைப்பின் 19 ஆம் பிரிவு வழங்கியிருக்கிறது. உரிமை இருந்தும், பெட்டியைப் பிரிக்காமல் இருந்தவன் நான்!

அதற்காக ஊரை மறக்கச் சொல்லவில்லை. ஊரிலுள்ள பூர்வீக வீட்டைப் பூட்டி வைத்துப் பாழாக்குவதைவிட, உடன்பிறந்தாரோடு கலந்து பேசி முடிவு காணுங்கள். தமிழும் ஊர்ப்பாசமும் பத்திரத்தால் போவன அல்ல.

1994 இல் ஆனந்த்பாக்கில் 120 சதுர கஜம் வாங்கினேன். அரை கிரவுண்டுக்கும் குறைவு. மழையில் நனைந்தபடி அம்மனையைப் பார்த்த பிறகே வாங்கினேன். இரண்டு அறை கட்டினோம். புதுமனை புகுவிழாவில் பாபாய்காரு தெலுங்குப் பழமொழி ஒன்றைச் சொன்னார்: "இல்லு கட்டி சூடு, பெள்ளி சேசி சூடு." வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்! இரு மொழியிலும் அதே பட்டறிவு. அன்று மாலை என் மனைவி அந்தப் பெட்டியைப் பிரித்து, பாத்திரங்களைப் பரணில் அடுக்கினாள்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள் விடுத்து முடிக்கிறேன். நம்மிடையே வழக்கறிஞர் உளர், பொறியாளர் உளர், தெலுங்கு நன்கறிந்த பிள்ளைகள் உளர். மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்கள் இம்மன்றத்தில் அமர்ந்து, வீடு வாங்க விழையும் குடும்பங்களின் பத்திரங்களைப் படித்துக் காட்டலாகாதா? எனக்கொரு பாபாய்காரு வாய்த்தார். புதிதாய் வரும் ஒவ்வொருவருக்கும் நம் சங்கம் அப்பெரியவராய் நிற்கட்டும்.