அப்பர் பெருமானின் இறுதி விண்ணப்பம்



சித்திரைச் சதயம், திருநாவுக்கரசு சுவாமிகள் திருப்புகலூரில் இறைவன் திருவடியில் கலந்த திருநாள். 81 ஆண்டுகள் இந்நிலவுலகில் வாழ்ந்தருளினார் என்பது வழிவழியாக வரும் கொள்கை. அப்பெருமான் புகலூரில் நிறைவாக அருளிய திருத்தாண்டகத்தை இன்று சிந்திக்கப் புகுகின்றோம். முதுமையையும் மரணத்தையும் எவ்வாறு எதிர்கொள்வது என்று அறிய விழைவார்க்கு அதனினும் சிறந்த ஆசான் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், இத்தகையதொரு விழாவில் பேசி முடித்து மேடையினின்று இறங்கினோம். ஓர் அம்மையார் அணுகினார். "ஐயா! என் தாயார் நாள் தவறாமல் ஐந்தெழுத்து ஓதியவர்கள். இப்போது என்னையே யார் என்று கேட்கிறார்கள். ஐந்தெழுத்தும் மறந்துவிட்டது. கடைசி நேரத்தில் சிவசிந்தனை இல்லாதவர்களுக்குக் கதி உண்டா?" என்று கண் கலங்கினார். அன்று நாம் விடை கூறத் தடுமாறினோம். அவ்வினாவுக்கு விடை, நாம் பல முறை ஓதிய அப்பதிகத்திலேயே இருப்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

ஆறாம் திருமுறையில் உள்ளவை 99 பதிகங்கள். 98ஆம் பதிகம், பல்லவ வேந்தன் ஆள் விடுத்து அழைத்தபோது பாடியது. எவருடைய ஆட்சிக்கும் தாம் உட்பட்டவர் அல்லர் என்றும், கூற்றுவன் வரினும் தமக்கு நடுக்கம் இல்லை என்றும் அதில் முழங்குகின்றார். 99ஆம் பதிகமே புகலூர்த் திருத்தாண்டகம். ஏட்டில் அடுத்தடுத்து நிற்கும் இவ்விரண்டிற்கும் இடையே நெடியதோர் வாழ்நாள் கிடக்கின்றது.

அந்த 99ஆம் பதிகத்தின் முதற்பாட்டு கூறுவது யாது? இறைவன் திருவடியை அன்றி நினைப்பதற்குத் தமக்கு வேறொன்றும் இல்லை. அதனைக் கைதொழுது காண்பதன்றிக் கண்ணும் இல்லை, பற்றுக்கோடும் இல்லை என்கின்றார். பின்னர் இவ்வுடம்பைப் பேசுகின்றார். கண் இரண்டு, செவி இரண்டு, நாசித்துளை இரண்டு, வாய் ஒன்று, கழிவாயில் இரண்டு என ஒன்பது வாயில்களை வைத்த வீடு இது. அவை அனைத்தும் ஒருசேர அடைபடும் வேளையில் தமக்கு உணர்வு இராது என்று இறைவனிடம் வெளிப்படையாகக் கூறிவிடுகின்றார்.

அன்பர்களே! இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். கூற்றுவனுக்கு அஞ்சாத வீரர் முதுமையில் தளர்ந்துவிட்டாரோ? அன்று. கூற்றுவனுக்கு அஞ்சாமை வேறு. தம் அறிவின் எல்லையை அறிதல் வேறு. நாவுக்கு அரசர் என்று இறைவனாலேயே பெயர் பெற்றவர், அந்த நாவும் ஒருநாள் அடைபடும் வாயில் என்பதை அறிந்திருந்தார். ஆகவே, 'கடைசியில் நினைப்பேன்' என்று வாக்களிக்கவில்லை. உணர்வு உள்ளபோதே தம்மை ஒப்படைத்துவிட்டார்.

பாட்டுதோறும் வரும் முடிபினை நோக்குக. திருவடிக்கு 'வருவேன்' என எதிர்காலத்தில் வைத்துக் கூறவில்லை. வந்துகொண்டே இருப்பதாக நிகழ்காலத்தில் வைத்துக் கூறுகின்றார். மரணம் அவருக்கு ஒருநாள் நேரும் நிகழ்ச்சியன்று. நாள்தோறும் நடந்த நடையின் கடைசி அடி.

அந்நடை எத்தகையது என்பதைச் சேக்கிழார் காட்டுகின்றார். புகலூர்த் திருமுற்றத்தில் பெருமான் கையில் உழவாரப்படை ஏந்திப் புல் செதுக்குகின்றார். உழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் மணியும் மின்னின. அவற்றைப் பருக்கைக் கல்லோடு ஒப்பக் கருதி வாவியில் எறிந்தார். அரம்பையர் ஆடியும் பாடியும் நின்றபோதும் சிந்தை திரியவில்லை. சாவை எதிர்நோக்கிச் சோர்ந்து கிடந்த முதியவரை அங்கே காண்கிலோம்; தொண்டில் ஈடுபட்ட கையையே காண்கின்றோம்.

இன்னும் ஒன்று. கல்லே மிதவையாகக் கரையேறிய திருப்பாதிரிப்புலியூரில், புழுவாகப் பிறக்க நேரினும் திருவடி தம் நெஞ்சை விட்டு நீங்காதிருக்க வேண்டும் என்று வரம் வேண்டினார். நினைவைத் தம் ஆற்றலாகக் கொண்டிருந்தால் அதனை வரமாக ஏன் வேண்டுதல் வேண்டும்? நினைப்பவர் நாம், நினைப்பிப்பவன் அவன். நாம் பற்றிய கை தளரலாம். அவன் பற்றிய கை தளர்வதில்லை. இதுவே அவ்வம்மையாரின் வினாவுக்கு விடை.

கூற்றுவன் ஒன்பது வாயிலையும் ஒருசேர அடைப்பான். முதுமையோ ஒவ்வொன்றாக அடைக்கின்றது. கண் மங்குகின்றது, செவி மந்தமாகின்றது, சொல் குழறுகின்றது. இவற்றைத் தண்டனை என எண்ணற்க. வீட்டைக் காலி செய்யுமுன் உரியவன் விடுக்கும் அறிவிப்பு என்று கொள்க. திறந்துள்ள வாயில்களைக் கொண்டு இன்றே காண்போம், இன்றே கேட்போம், இன்றே ஓதுவோம். நம் இல்லத்தில் வாயில்கள் அடைபட்டு வரும் முதியோர் இருப்பின், அவர் மறந்ததை நாம் அவர் அருகிருந்து ஓதுவோம். அதுவும் சிவத்தொண்டே.

அன்று அவ்வம்மையார் விடைபெறுமுன் ஒன்று கூறினார்: "எல்லாம் மறந்துவிட்டார்கள், ஐயா. ஆனால் திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்துச் சென்றால் மட்டும் நெற்றியை முன்னே நீட்டுகிறார்கள்." அத்தாயும் அத்திருவடிக்கே சென்றுகொண்டிருந்தார் என்பதில் நமக்கு ஐயம் இல்லை.

திருச்சிற்றம்பலம்.